பறக்கும் டாக்ஸி என்கிறார்களே, அது என்ன? வேலூரிலிருந்து ஓர் எளிய விளக்கம்

ஆற்காடு சாலையில் சி.எம்.சி. மருத்துவமனை எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஆம்புலன்ஸ் ஓட்டுநர் தன் போனை என் பக்கம் நீட்டினார். வீடியோவில் ஒரு வெள்ளை ஊர்தி. அதன் மேலே சின்னச் சின்ன விசிறிகள் பல சுற்றிக்கொண்டிருந்தன. நின்ற இடத்திலிருந்தே நேராக மேலே எழும்பியது. 'பறக்கும் கார்! வேலூர் - சென்னை 10 நிமிடம்! புகையே இல்லை!' என்று கீழே எழுதியிருந்தது.

"நெஜமா சார்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்: "அதான் ஹெலிகாப்டர் கீதே, அப்புறம் இது இன்னாத்துக்கு?"

அந்த இரண்டாவது கேள்வி எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. இதைப் பற்றிச் செய்தி போடுகிறவர்கள் பலர் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. டீ தீருவதற்குள் விளக்க முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். வீடியோவுக்குக் கீழே இருந்த மூன்று சொற்களும் (கார், பத்து நிமிடம், புகையில்லை) அப்படியே நம்பக்கூடியவை அல்ல. ஏன் என்று புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்: எடை.

முதலில், இது கார் இல்லை

இந்த ஊர்திகள் சாலையில் ஓடுவதில்லை. தரையில் நிற்கும், வானில் பறக்கும், மறுபடி தரையில் இறங்கும். அவ்வளவுதான். ஆகவே இவை விமானங்கள். விமானத்துக்கு உண்டான சட்டம், சோதனை, உரிமம் எல்லாம் இவற்றுக்கும் உண்டு.

மின்சாரத்தில் பறக்கும் சிறிய ஊர்திகளைக் கொண்டு குறுகிய தூரங்களுக்கு ஆட்களையும் பொருட்களையும் கொண்டுபோகும் ஏற்பாடு முழுவதற்கும் 'மேம்பட்ட வான்வழிப் போக்குவரத்து' என்று பெயர். அதற்குள் மூன்று வகை உண்டு. ஒன்று, மருந்துப் பெட்டி போன்ற சிறு சுமையைத் தூக்கிப்போகும் ஆளில்லா டிரோன். இரண்டு, ஓடுபாதையில் ஓடி ஏறும் சின்ன மின்சார விமானம். மூன்றாவதுதான் வீடியோவில் வந்தது: ஓடுபாதை இல்லாமல் நின்ற இடத்திலிருந்தே மேலெழும்பி, நின்ற இடத்திலேயே இறங்கும் மின்சார ஊர்தி. இதைச் சுருக்கமாக 'ஈவிடால்' என்கிறார்கள். பேச்சு முழுவதும் இந்த மூன்றாவது வகையைப் பற்றியே இருக்கிறது. நம் மாவட்டத்துக்கு மற்ற இரண்டும் முக்கியம் என்பது என் எண்ணம். அதைப் பிறகு சொல்கிறேன்.

தலைச்சுமையும் தள்ளுவண்டியும்

நேதாஜி மார்க்கெட்டில் விடியற்காலையில் போய் நின்றால் இரண்டு காட்சி தெரியும். ஒருவர் கத்தரிக்காய் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வழி கிடைக்காமல் நிற்கிறார். ஓர் அடிகூட நகரவில்லை, ஆனாலும் வேர்த்துக் கொட்டுகிறது, கழுத்து நடுங்குகிறது. பக்கத்திலேயே இன்னொருவர் அதைவிட நாலு மடங்கு சுமையைத் தள்ளுவண்டியில் உருட்டிக்கொண்டு போகிறார். கிளப்பும்போது ஒரு முக்கு முக்கினார், அப்புறம் வண்டி தானாகப் போவதுபோலப் போகிறது.

ஹெலிகாப்டர் அந்தரத்தில் நிற்பது தலைச்சுமை. இறக்கையுள்ள விமானம் முன்னோக்கிப் பறப்பது தள்ளுவண்டி.

இனி உண்மையில் நடப்பது என்ன என்று பார்ப்போம். காற்றில் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. மேலே நிற்க வேண்டுமென்றால் காற்றைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தள்ளிய காற்றின் எதிர்விசைதான் ஊர்தியைத் தாங்குகிறது. வறண்ட பாலாற்று மணலில் நடந்தவர்களுக்கு இது தெரியும். காலை ஊன்றினால் மணல் சரிகிறது. உங்கள் பலத்தில் ஒரு பங்கு உங்களை நகர்த்தாமல் மணலை நகர்த்துவதிலேயே போய்விடுகிறது. காற்று அந்த மணலைவிடப் பல மடங்கு நழுவும் தரை.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளியும் எடையைத் தாங்கலாம், நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளியும் தாங்கலாம். இரண்டு மடங்கு காற்றைப் பாதி வேகத்தில் தள்ளினால் தாங்கும் விசை அதேதான், செலவாகும் ஆற்றல் மட்டும் பாதியாகிறது. வேகம் கூடினால் ஆற்றல் செலவு அதன் இருமடிப் பெருக்கத்தில் கூடுவதே காரணம். ஹெலிகாப்டருக்கு அவ்வளவு நீளமான விசிறி வைப்பது இதற்காகத்தான்.

விமானத்தின் இறக்கை இதே தந்திரத்தை இன்னும் பெரிதாகச் செய்கிறது. முன்னோக்கிப் போகும்போது ஒவ்வொரு நொடியும் புதிய காற்று அதன் வழியில் வந்துகொண்டே இருக்கிறது. அத்தனை காற்றையும் இறக்கை லேசாகக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. நல்ல இறக்கை இருந்தால், ஊர்தியின் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு விசையால் முன்னே தள்ளினாலே போதும், அது மேலேயே இருக்கும். அந்தரத்தில் நிற்கும் ஊர்திக்கோ எடை முழுவதற்கும் சமமான விசை வேண்டும்.

ஆகவே ஈவிடால் செய்ய முயல்வது இதுதான்: எழும்பும்போதும் இறங்கும்போதும் மட்டும் தலைச்சுமைக்காரராக இருப்பது; நடுவில் தள்ளுவண்டிக்காரராக மாறிவிடுவது. சில ஊர்திகளில் விசிறிகள் மேலே பார்த்தபடி எழும்பி, பிறகு அப்படியே முன்பக்கம் சாய்ந்துகொள்ளும். அமெரிக்காவின் ஜோபி நிறுவனத்து ஊர்தியில் இப்படிச் சாயும் விசிறிகள் ஆறு. சிலவற்றில் தூக்கும் விசிறிகள் தனி, முன்னே தள்ளும் விசிறி தனி. சீனாவின் ஈஹாங் ஊர்தியில் இறக்கையே கிடையாது, 16 விசிறிகள் மட்டும்தான். அது வழி முழுக்கத் தலைச்சுமைதான். அதனால் அதன் எல்லையும் சுமார் 30 கிலோமீட்டரோடு முடிந்துவிடுகிறது.

சுருக்கம்: நிற்பதற்கு அதிகச் செலவு, பறப்பதற்குக் குறைந்த செலவு. மேலெழும்பி இறங்கும் அந்த ஒன்றிரண்டு நிமிடம்தான் மிகப் பெரிய செலவு.

ஹெலிகாப்டர் இருக்கும்போது இது எதற்கு?

ஓட்டுநர் அண்ணன் கேட்ட கேள்வி. ஹெலிகாப்டரில் ஒன்றோ இரண்டோ எஞ்சின். அங்கிருந்து கியர்பெட்டி, தண்டு வழியாக ஒரு பெரிய விசிறிக்குச் சக்தி போகிறது. அந்த வழியில் முக்கியமான ஒரு பாகம் உடைந்தாலும் ஆபத்து. அதனாலேயே அவற்றை அடிக்கடி பிரித்துப் பார்க்க வேண்டும், பாகங்களை மணிக்கணக்குப்படி மாற்ற வேண்டும். பராமரிப்புச் செலவு ஏறுவது அங்கேதான்.

பெட்ரோல் எஞ்சினைத் துண்டுபோட்டு எட்டு இடத்தில் வைக்க முடியாது. மின்மோட்டாரை வைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பி போதும். தறிப் பட்டறையில் முன்காலத்தில் ஒரே எஞ்சினில் நீளத் தண்டு போட்டு, பெல்ட் மாட்டி எல்லாத் தறியையும் ஓட்டினார்கள். பிறகு தறிக்கு ஒரு மோட்டார் வந்தது. குடியாத்தம் பக்கம் போனால் விவரம் தெரிந்தவர்கள் இருப்பார்கள். தண்டு நின்றால் பட்டறையே நிற்கும். ஒரு மோட்டார் நின்றால் ஒரு தறிதான் நிற்கும். வானில் இதே மாற்றத்துக்குப் பெயர் 'பகிர்ந்த உந்துவிசை': பல சிறு மோட்டார்கள் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்வது. ஒன்று நின்றாலும் மற்றவை சமாளித்து இறக்கிவிட வேண்டும் என்பதே வடிவமைப்பின் அடிப்படை.

சத்தமும் குறைகிறது. ஹெலிகாப்டரின் தடதடப்பு பெரும்பாலும் விசிறி நுனி காற்றைக் கிழிக்கும் வேகத்தால் வருவது. பல சிறு விசிறிகள் மெதுவாகச் சுற்றினால் அது அடங்கிவிடும். ஜோபி ஊர்தி 500 மீட்டர் உயரத்தில் பறந்தபோது நாசாவோடு சேர்ந்து அளந்தார்கள். தரையில் சுமார் 45 டெசிபல். தெருச் சத்தத்தில் அது கரைந்துவிடும். மருத்துவமனை வாசலில் தினமும் பத்து முறை இறங்கப்போகும் ஊர்தி என்றால் இது சின்ன விஷயம் இல்லை.

பேட்டரி என்னும் பாரம்

இனி கசப்பான பகுதி. இதைச் சொல்லாமல் விட்டதால்தான் இத்தனை குழப்பமும்.

மின்கட்டண அட்டையில் இருக்கும் யூனிட்டை வைத்தே கணக்குப் போடலாம். ஒரு கிலோ பெட்ரோலுக்குள் சுமார் 12 யூனிட் ஆற்றல் இருக்கிறது. இன்றைய ஒரு கிலோ லித்தியம் பேட்டரி செல்லுக்குள் ஏறக்குறைய கால் யூனிட். பெட்ரோல் எஞ்சின் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்கி, மூன்றில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும். மின்மோட்டார் பத்தில் ஒன்பது பங்கை வேலையாக்கும். அந்தச் சலுகையைக் கொடுத்த பிறகும், அதே வேலைக்குப் பெட்ரோலைப்போலச் சுமார் 18 மடங்கு எடையுள்ள பேட்டரி தேவைப்படுகிறது.

ஸ்கூட்டருக்கு இது பெரிய பிரச்சினை இல்லை, எடையைத் தரை தாங்குகிறது. வானில் ஒவ்வொரு கிலோவையும் தூக்க வேண்டும். தூக்க அதிக மின்சாரம், அதற்கு இன்னும் பேட்டரி, அதைத் தூக்க இன்னும் மின்சாரம். இன்னொரு வேறுபாடும் உண்டு: எரிபொருள் தீரத்தீர விமானம் இலேசாகும். தண்ணீர் லாரி தெருத் தெருவாக ஊற்றிக்கொண்டே போவதுபோல. பேட்டரி தீர்ந்தாலும் அதன் எடை அப்படியே இருக்கும். காலிக் குடமும் நிறைகுடத்தின் பாரமே.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது அடுத்த விஷயம். பேட்டரி தீரும் நேரத்தில் அது ஒரே சமயத்தில் கொடுக்கக்கூடிய சக்தியும் குறையும். 10 சதவீதத்தில் இருக்கும் போன் கேமராவைத் திறந்ததும் அணைந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். ஈவிடால் இறங்கும்போதுதான் அதிகபட்ச சக்தி கேட்கும்; அந்த நேரத்தில்தான் பேட்டரி மிகக் குறைவாக இருக்கும். ஆகவே கடைசிச் சொட்டு வரை செலவழிக்க முடியாது. இறங்குவதற்கும், இறங்க இடம் கிடைக்காவிட்டால் வேறு இடம் போவதற்கும் ஒரு பங்கைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். நிறுவனங்கள் சொல்லும் தூரத்தைப் படிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

இப்போது சென்னைக் கணக்கு. வேலூரிலிருந்து சென்னை நேர்கோட்டில் சுமார் 120 கிலோமீட்டர். ஜோபி சொல்லும் உச்ச வேகம் மணிக்கு 320 கிலோமீட்டர், தூரம் 160 கிலோமீட்டர். உச்ச வேகத்திலேயே பறந்தாலும் 22, 23 நிமிடம். எழும்பி இறங்கும் நேரத்தைச் சேர்த்தால் அரை மணி. பத்து நிமிடம் என்பது கட்டுக்கதை. தூரமும் கைக்கு எட்டும் எல்லையின் ஓரத்தில் நிற்கிறது. காட்பாடியில் ஏறினால் வேகமான ரயில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் நூற்றுக்கணக்கானோரைச் சென்னையில் இறக்கிவிடுகிறது. அந்த ரயிலுக்கு மாற்றாக நாலு பேர் அமரும் ஊர்தியைப் பார்ப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நம் ஊர் வெயிலையும் சேர்க்க வேண்டும். விமானக் கணக்குகள் 15 டிகிரி வெப்பத்தை அடிப்படையாகக் கொண்டவை. அக்னி நட்சத்திரத்தில் இங்கே 42 டிகிரி வந்தால் காற்று சுமார் 9 சதவீதம் மெலிந்துவிடும். மணல் இன்னும் அதிகமாகச் சரிகிற மாதிரி. அதே எடையைத் தூக்க அதிக சக்தி வேண்டும். பேட்டரிக்கும் சூடு ஆகாது. குளிரூட்டும் அமைப்பு வைத்தால் அதுவும் எடைதான்.

தீ பற்றிய பயத்தையும் ஒதுக்கிவிட முடியாது. 2022 மார்ச்சில் நம் வேலூரிலேயே, வீட்டில் சார்ஜில் இருந்த மின்சார ஸ்கூட்டர் எரிந்து ஒரு தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். ஒரு செல் அளவுமீறிச் சூடாகி, அந்தச் சூட்டில் பக்கத்துச் செல்லும் பற்றி, அது அடுத்ததைப் பற்றவைப்பதை 'கட்டுமீறிய வெப்பப்பெருக்கு' என்கிறார்கள். விமானத்தில் ஒரு செல் எரிந்தாலும் அது பரவக் கூடாது என்று சோதித்துக் காட்டினால்தான் உரிமம். அதற்கான தடுப்புச் சுவர்களும் எடையைக் கூட்டுகின்றன.

சுருக்கம்: மோட்டார் பிரச்சினை தீர்ந்துவிட்டது. பேட்டரியின் எடை தீரவில்லை. அது தீரும் வரை இவை குறுகிய தூர ஊர்திகளே.

இப்போது எந்த நிலையில் இருக்கிறது?

'வந்துவிட்டது' என்பவர்களும் 'எல்லாம் ஏமாற்று' என்பவர்களும் இரு பக்கமும் தவறு. 2020-ல் ஸ்லோவேனியாவின் பிபிஸ்ட்ரல் நிறுவனத்தின் இரண்டு இருக்கை மின்சார விமானத்துக்கு ஐரோப்பா முதல் உரிமம் கொடுத்தது. அது ஓடுபாதையில் ஓடும் வகை. 2023 அக்டோபரில் ஈஹாங்கின் ஓட்டுநர் இல்லாத ஊர்திக்குச் சீனா 'வகைச் சான்றிதழ்' கொடுத்தது, அதாவது இந்த வடிவமைப்பு பறக்கத் தகுதியானது என்ற அரசு ஒப்புதல். 2024 அக்டோபரில் அமெரிக்கா இந்த வகை ஊர்திகளை இயக்கவும் ஓட்டுநர்களுக்குப் பயிற்சி தரவும் தனி விதிகள் வகுத்தது.

மறுபக்கம், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின்போது பயணிகளை ஏற்றிப் பறப்போம் என்று ஜெர்மனியின் வோலோகாப்டர் சொல்லியிருந்தது. சோதனைப் பறப்போடு நின்றது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே திவால் மனு போட்டது. அதற்கு இரண்டு மாதம் முன்பு இன்னொரு ஜெர்மன் ஈவிடால் நிறுவனமான லிலியமும் அதே நிலைக்கு வந்தது. சான்றிதழ் வாங்கும் வரை வருமானம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் பணம் போட வேண்டிய தொழில் இது.

நமக்குப் பக்கத்திலேயே சென்னை ஐஐடியில் பேராசிரியர் சத்ய சக்ரவர்த்தி 2019-ல் தொடங்கிய இபிளேன் நிறுவனம் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் ஒரு வான் ஆம்புலன்ஸ் நிறுவனத்துக்கு 788 ஊர்திகள் தருவதாக ஒப்பந்தம் செய்தது. ஒப்பந்தம் வேறு, பறப்பது வேறு. இந்திய விமானத் துறையின் சான்றிதழ் கிடைத்த பிறகுதான் நோயாளியை ஏற்ற முடியும். ஆனால் முதலில் ஆம்புலன்ஸைத் தேர்ந்தெடுத்தார்களே, அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

புகையே இல்லையா?

ஊர்தியிலிருந்து இல்லை. ஆனால் இந்தியாவின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. புகை அனல்மின் நிலையத்துக்கு இடம் மாறுகிறது. காற்றாலையும் சூரிய ஒளியும் கூடக்கூட இந்தக் கணக்கு நல்லதாகும். எதற்குப் பதிலாக இது பறக்கிறது என்பதே முக்கியக் கேள்வி. ஹெலிகாப்டருக்குப் பதில் என்றால் லாபம். பேருந்துக்கோ ரயிலுக்கோ பதில் என்றால் நஷ்டம்.

நம் மாவட்டத்துக்கு எது பொருந்தும்?

2023 மே மாதம், அணைக்கட்டு பக்கம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை இல்லாததால் மருத்துவமனைக்குப் போய்ச்சேரத் தாமதமாகி, குழந்தை வழியிலேயே இறந்தது. திரும்பும்போது ஆம்புலன்ஸ் மலையடிவாரத்தைத் தாண்ட முடியவில்லை. அந்தத் தாய் மகளின் உடலைக் கைகளில் சுமந்துகொண்டு மலையேறினார். வேலூரிலிருந்து அந்த மலை நேர்கோட்டில் 40 கிலோமீட்டருக்குள்தான். இந்தத் தொழில்நுட்பத்தைப் பற்றி யார் என்ன பேசினாலும் எனக்கு அந்த மலைதான் நினைவுக்கு வருகிறது. அங்கே முதலில் வேண்டியது சாலை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மழையில் சாலை அறுந்துபோகும் நாட்களும் உண்டு.

டிரோன் வகை இதற்கு இப்போதே தயார். ருவாண்டாவில் 2016 முதல் சிப்லைன் என்ற நிறுவனத்தின் டிரோன்கள் மருத்துவமனைகளுக்கு இரத்தம் கொண்டுபோகின்றன. தெலங்கானாவின் விகாராபாதில் 2021-ல் மருந்தும் தடுப்பூசியும் அனுப்பிச் சோதித்தார்கள். மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாம்புக்கடி மருந்து தீர்ந்துவிட்டால், சில கிலோ சுமை கால் மணியில் போய்ச் சேரும். ஆள் ஏறாததால் எடையும் சிறிது, பேட்டரியும் சிறிது. ஓடுபாதையில் ஓடும் சின்ன மின்சார விமானத்துக்கு அப்துல்லாபுரம் விமானத் தளத்தின் குட்டையான ஓடுபாதை பொருந்தலாம். எழும்பும்போது தலைச்சுமை இல்லை என்பதால் அதே பேட்டரியில் அது அதிக தூரம் போகும்.

நோயாளியையே ஏற்றிவரும் ஈவிடால்? அடுத்த வாரம் அதே டீக்கடையில் இத்தனையும் சொல்லி முடித்தபோது ஓட்டுநர் அண்ணன் சிறிது நேரம் யோசித்தார். "அல்லாம் சரி சார். மேல போய் எறங்கிட்டா சார்ஜ் எங்க போடுவாங்க? மலையில கரண்ட்டே அப்பப்பதான் வருது."

கணக்குப் போட்டுப் பார்த்தோம். 100 யூனிட் பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். அதைப் பத்து நிமிடத்தில் நிரப்ப 600 கிலோவாட் வேண்டும். ஏசியும் மோட்டாரும் ஒன்றாக ஓடும் 120 வீடுகளின் பாரம் அது. மலைக் கிராமத்து டிரான்ஸ்பார்மர் தாங்காது. அப்படியானால் மேலே சார்ஜ் போடவே முடியாது என்று வைத்துத்தான் திட்டமிட வேண்டும். கீழிருந்து கிளம்பும்போதே போக 40, வர 40 கிலோமீட்டருக்கும், இரண்டு முறை எழும்பி இரண்டு முறை இறங்கவும், கடைசியில் தொடாமல் வைக்கும் பங்குக்கும் சேர்த்தே மின்சாரம் சுமந்து போக வேண்டும். வரும்போது கூடுதலாக ஒரு நோயாளி, கூடவே ஒரு துணை.

"அப்போ ரெண்டு பேரு எடைக்கு முன்னாடியே எடம் வுட்டுட்டுப் போவணும்" என்றார் அவர், கிளாஸை வைத்துவிட்டு வண்டிக்குப் போகும்போது.